சரக்கல்விளையிலிருந்து சந்திரன் வரை

(ரிங்லெட் வட்டாரத் தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பால்மரத் தோட்டங்களில் வாழும் நம் வாசகர்களுக்கும் பயன்தரும் எனக் கருதி இங்கு வெளியிடுகிறோம்.)

 

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வந்து, கேமரன் மலையின் வாயிலாக விளங்கும் இந்த ரிங்லெட்டில் இறங்கியதும் குளிர் என்னைப் பற்றிக்கொண்டது. நான் பிறந்து வளர்ந்தது கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டமொன்றில். அங்கே விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குச் செல்வார்கள். இங்கே பனி விலகுமுன் தேயிலைச் சரிவுக்குச் செல்கிறீர்கள். கருவி வேறு, காலநிலை வேறு. ஆயினும் மாலையில் வீடு திரும்பியதும், பிள்ளையின் புத்தகப் பையைப் பார்த்துப் பெற்றோர் கொள்ளும் கவலை ஒன்றேதான்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். தம் மகன் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவைக் கேட்டதாகவும், அது கிடைக்காமல் வேறு பிரிவில் இடம் கிடைத்ததாகவும் கூறினார். பையன் மனம் ஒடிந்துவிட்டானாம். இனிப் பள்ளிக்குச் செல்வதில்லை, காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறானாம். "ஐயா, கேட்டது கிடைக்காத பிள்ளைக்கு நான் என்ன சொல்லித் தேற்றுவது?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

நான் வேறொரு பொருளைப் பற்றிப் பேச எண்ணி வந்தேன். அதனை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் தாயாருக்கு விடையாகவே இன்று பேசுகிறேன். விடையை அறிவுரையாகச் சொல்வதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையாகச் சொல்வது நன்று. அவர் விண்வெளிப் பொறியாளர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர், தமிழர். டாக்டர் கே. சிவன் என்பது அவர் பெயர்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம். தமிழ்நாட்டில் பால்மரம் மிகுதியாக வளர்வதும் அம்மாவட்டத்திலேயாகும். அங்கே நாகர்கோவிலுக்கு அருகில் மேலச்சரக்கல்விளை என்றோர் ஊர் உண்டு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவ்வூரில் கைலாசவடிவு என்னும் விவசாயிக்கும் செல்லம் அம்மையாருக்கும் மகனாகச் சிவன் பிறந்தார். உள்ளூர் அரசுப் பள்ளியிலும், பின்னர் வல்லன்குமாரன்விளைப் பள்ளியிலும் தமிழிலேயே பயின்றார். பள்ளி நாள்களில் காலில் செருப்பில்லை. மாம்பழக் காலத்தில் தந்தையாருடன் தோப்பில் வேலை செய்தார். கல்லூரிக்கும் வேட்டி கட்டிக்கொண்டே சென்றார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மகன் பொறியியல் படிக்க விரும்பினார். அதற்குப் பணம் இல்லை என்றார் தந்தையார். மகன் ஒரு வாரம் உண்ணாமல் இருந்து பார்த்தார். தந்தையார் இசையவில்லை. இறுதியில் மகன்தான் இறங்கி வந்தார். வீட்டுக்கு அருகில் இருந்தால் படிப்பு நேரம் போக மீதி நேரத்தில் வயல் வேலைக்கு உதவலாம் என்பது தந்தையாரின் கணக்கு. அதன்படி நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டப் படிப்பில் சேர்ந்து, 1977இல் தேறினார். குடும்பத்தில் அவரே முதல் பட்டதாரி.

தாய்மார்களே, அவர் கேட்டுக் கிடைக்காத முதற்பொருள் இது. எண்ணிக்கொள்ளுங்கள். இன்னும் வரும்.

மகன் கணிதத்தில் தேறியதும் தந்தையாரின் உள்ளம் மாறியது. முன்பு உன் விருப்பத்தைத் தடுத்தேன், இம்முறை தடுக்கமாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்ற கருத்தில் அவர் பேசியதாகச் சிவன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சென்னையில் குரோம்பேட்டை என்னுமிடத்தில் எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கும் அக்காலத்தில் அங்கே பொறியியல் பயில வழி இருந்தது. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றதும் அங்கேதான். அக்கல்லூரியில் சேர்ந்தபோதுதான் சிவன் முதன்முதலாகக் காற்சட்டை அணிந்தார். 1980இல் வானூர்திப் பொறியியல் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. வானூர்தி படித்தவர்களுக்கு வேலை தரக்கூடிய இடங்கள் அன்றைய இந்தியாவில் மிகச் சில. அவற்றில் இடம் கிடைக்காமற்போகவே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்புக்குச் சென்று 1982இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பெங்களூரிலுள்ள துணைக்கோள் மையத்தில் பணியாற்ற விரும்பினார். திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே காற்றியக்கவியல் பிரிவைக் கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. பி.எஸ்.எல்.வி. எனும் புதிய ராக்கெட் திட்டத்தில் சேர்த்தார்கள்.

விரும்பிய எதுவும் விரும்பியவாறு கிடைத்ததில்லை என்று அவரே ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். பொறியியல் கேட்டார், கணிதம் கிடைத்தது. வேலை கேட்டார், மேற்படிப்பு கிடைத்தது. பெங்களூர் கேட்டார், திருவனந்தபுரம் கிடைத்தது. அந்த ஒவ்வொரு முறையும் மனமொடிந்து வீடு திரும்பியிருந்தால், அவரைப் பற்றி இன்று இந்த ரிங்லெட்டில் நின்று பேச எனக்கு ஒன்றுமிருந்திராது. கிடைத்ததைக் கையில் எடுத்து அதில் அவர் என்ன செய்தார் என்பதே நாம் காண வேண்டியது.

ராக்கெட் என்பது தீயைக் கக்கிக்கொண்டு நேராக மேலே போகும் வாணம் என்று நாம் எண்ணுகிறோம். பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரமுடையது. நான்கு அடுக்குகளைக் கொண்டது. ஒவ்வோர் அடுக்காக எரிந்து, கழன்று விழ, எஞ்சிய பகுதி மேலே செல்லும். ராக்கெட் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகரக்கூடியது. அத்துடன் மூன்று அச்சுகளில் சுழலவும் கூடியது. இந்த ஆறு வகை அசைவுகளையும் நொடிக்கு நொடி முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்தால்தான் அது எந்தப் பாதையில் போகும் என்று சொல்ல முடியும். அக்கணக்கைச் செய்யும் 'சிதாரா' என்னும் கணினி மென்பொருளை வடிவமைத்தவர்களில் தலையாயவர் சிவன். ராக்கெட்டின் பாதையை வகுக்கும் இவ்வேலைக்கு உயிராக இருப்பது கணிதம். விரும்பாமல் படித்தாரே, அதே கணிதம்!

பி.எஸ்.எல்.வி. முதன்முதலாக 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்டது. சிவன் பணியில் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அடுக்குகள் பிரியும்போது ஏற்பட்ட குலுக்கமும், கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழையும் சேர்ந்து அதனை வீழ்த்தின. பொறியாளர்கள் பிழையைத் தேடிக் கண்டார்கள், திருத்தினார்கள். 1994 அக்டோபர் 15ஆம் நாள் இரண்டாம் முறை ஏவியபோது துணைக்கோள் உரிய பாதையில் சென்று அமர்ந்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் இந்தியாவின் நம்பிக்கைக்குரிய ராக்கெட்டாக அது உழைத்தது.

இவ்விடத்தில், காற்றைப் பற்றிச் சிவன் செய்த ஒரு பணியைச் சொல்ல வேண்டும். பால்மரம் சீவுகிறவர்களுக்கு அது எளிதில் விளங்கும். விடியற்காலையில் எழுந்ததும் நாம் முதலில் வானத்தைப் பார்ப்போம். பட்டை நனைந்திருந்தால் பால் மங்கில் விழாது, பட்டையெங்கும் வழிந்துவிடும். ஆகவே அன்றைய வேலையை அன்றைய வானமே முடிவு செய்யும். ராக்கெட்டுக்கும் அப்படித்தான். தரையில் நாம் உணரும் காற்று வேறு. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று வேறு. பெருவேகத்தில் செல்லும் ராக்கெட்டின் பக்கவாட்டில் அக்காற்று ஓங்கி அறைந்தால், உடற்பகுதி தாங்காது முறிந்துவிடக்கூடும். ஆகவே காற்று சாதகமில்லாத நாள்களில் ஏவாமல் காத்திருக்க நேரும்.

ஏவும் நாளன்று வீசும் காற்றையே அளந்து, அதற்கேற்ப அன்றைக்கே ராக்கெட்டின் திசைமாற்றத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் முறையைச் சிவன் வகுத்தார். ஆண்டின் எந்த நாளிலும், எத்தகைய காற்றிலும் ராக்கெட்டை ஏவ வழிசெய்த முறை என அவருடைய நிறுவனம் இதனைப் போற்றுகிறது. காற்றை நிறுத்த எவராலும் இயலாது. வீசுகின்ற காற்றுக்குத் தக்கபடி பாதையை வகுத்துக்கொள்ள இயலும்.

இவ்வாறு பல ஆண்டுகள் கணக்கிலும் கணினியிலும் உழைத்தவரிடம் 2011இல் பெரும் பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. ஜி.எஸ்.எல்.வி. எனும் பெரிய ராக்கெட்டின் திட்ட இயக்குநர் பதவி அது. மகிழ்ந்து ஏற்கத்தக்க பதவியாக அது அப்போது இல்லை. முந்தைய 2010ஆம் ஆண்டில் அந்த ராக்கெட் இரண்டு முறை தோற்றிருந்தது. அதன் உச்சி அடுக்கில் எரிபொருளாகத் திரவ ஹைட்ரஜன் நிரப்பப்படும். அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 253 பாகை. இந்த மலைக்குளிருக்கே நாம் போர்வை தேடுகிறோம்! அத்தகைய குளிரில் உலோகம் எவ்வாறு சுருங்கும், குழாய் எங்கே கசியும் என்பதையெல்லாம் அறிந்து செய்ய வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் ராக்கெட் ஏவுமேடையில் ஆயத்தமாக நின்றது. ஏவுவதற்கு 74 நிமிடங்கள் இருந்தபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே எதிர்பார்த்திருந்த வேளையில் ஏவுதல் நிறுத்தப்பட்டது. ராக்கெட் கழற்றப்பட்டது, அந்த அடுக்குக்கு மாற்றாகப் புதியது பொருத்தப்பட்டது. 2014 ஜனவரி 5ஆம் நாள் அதே ராக்கெட், இந்தியாவிலேயே செய்யப்பட்ட கடுங்குளிர் இயந்திரத்துடன் எழுந்து வெற்றி கண்டது. பெரிய பதவியில் இருப்பவருக்குத் துணிவு வேண்டும் என்கிறோம். "ஏவுங்கள்" என்று சொல்லும் துணிவைவிட "நிறுத்துங்கள்" என்று சொல்லும் துணிவு அரியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அதன்பின் பொறுப்புகள் விரைந்து வந்தன. 2014இல் திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநர். 2015இல், எந்த மையத்தில் விருப்பமின்றிச் சேர்ந்தாரோ, அதே விக்ரம் சாராபாய் மையத்தின் இயக்குநர். இதற்கு முன்பே, ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில், பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். 2017 பிப்ரவரி 15ஆம் நாள் ஒரே பி.எஸ்.எல்.வி. 104 துணைக்கோள்களைச் சுமந்து சென்று விண்ணில் விட்டது. அவற்றில் 101 பிற நாடுகளுக்கு உரியவை. 2018 ஜனவரியில் சிவன் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் திரைப்படக் கதைபோல் இருந்திருக்கும். வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை.

சந்திரயான் 2 என்னும் கலத்தை நிலவுக்கு அனுப்பும் பணி அவர் தலைமையில் நடந்தது. 2019 ஜூலை 15ஆம் நாள் ஏவ வேண்டியது. 56 நிமிடங்கள் இருந்தபோது கோளாறு தெரிந்து நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்து ஜூலை 22ஆம் நாள் ஏவப்பட்டது. செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில், விக்ரம் என்னும் தரையிறங்கி நிலவை நோக்கி இறங்கியது. நிலத்துக்கு 2.1 கிலோமீட்டர் உயரம்வரை எல்லாம் சரியாக இருந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் தொடர்பு அறுந்தது. தரையிறங்கி நிலவில் மோதி உடைந்தது.

அன்று காலை பிரதமர் நரேந்திர மோடி விடைபெறும் நேரத்தில், சிவன் கண்கலங்கி அழுததையும், பிரதமர் அவரை அணைத்துத் தேற்றியதையும் உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அறுபத்திரண்டு வயது மனிதர், ஒரு நிறுவனத்தின் தலைவர், எல்லார் முன்னிலையிலும் அழுதார். அதனைச் சிலர் இழிவாகப் பேசியிருக்கலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. பல்லாண்டு உழைப்பைப் பறிகொடுத்தவன் அழுவது இயல்பு. அழுதபின் என்ன செய்தான் என்றுதான் கேட்க வேண்டும்.

தவறு எங்கே நேர்ந்தது என்று அந்நிறுவனத்தார் ஆராய்ந்தனர். இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. அதனால் சேர்ந்துபோன பிழைகளைத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு விரைவாகத் திரும்பத் தரையிறங்கியால் இயலவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ அரைக் கிலோமீட்டர்ச் சதுரமே. இவற்றையெல்லாம் கண்டறிந்து, அடுத்த கலத்தில் எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுப்படுத்தினார்கள், இறங்கும் இடத்தைப் பல மடங்கு விரிவாக்கினார்கள். சந்திரயான் 2இன் மற்றொரு பகுதியான சுற்றுக்கலம் பழுதின்றி நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓராண்டுக்கென அனுப்பப்பட்ட அது, பல ஆண்டுகள் உழைத்தது.

சிவன் 2022 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார். அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டு 23ஆம் நாள், சந்திரயான் 3 நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கியது. அவ்வெற்றி நிகழ்ந்தபோது தலைவர் நாற்காலியில் சோமநாத் அமர்ந்திருந்தார். நாற்று நட்டவர் ஒருவராகவும் அறுவடை நாளில் நின்றவர் வேறொருவராகவும் இருப்பது உலகில் உண்டு. நம் தோட்டங்களில் பால்மரக் கன்றை நட்டவர்கள், அது சீவும் பருவத்துக்கு வரும்வரை அங்கேயே இருந்தார்களா? நட்டவரின் உழைப்பு மரத்திலே இருக்கிறது.

சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல், ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். 2025 ஜனவரியில் நிறுவனத் தலைவரான வி. நாராயணன், சிவனின் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இவ்விருவரும் பள்ளிக்குப் பின் நேராகப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் அல்லர். பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு படித்து, அங்கிருந்து மேலே ஏறியவர்கள். இதனைப் பெற்றோர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நம் மலேசியாவிலும் வழி உண்டு. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலும், செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்திலும் விண்வெளிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. 2007இல் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரராக டாக்டர் ஷேக் முஸாபார் சென்றார். அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இறுதி நால்வரில் வனஜா சிவா என்னும் நம்மவரான பெண் பொறியாளரும் ஒருவர் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி, மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சிவனின் உடன்பிறந்தார் மேற்படிப்பை முடிக்க வறுமை இடந்தரவில்லை. ஒருவர் பட்டதாரியாக, மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். இச்செய்தியைப் படித்தபோது என் அண்ணனை நினைத்தேன். அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்று, பால் வாளியைத் தூக்கினார். அவர் தூக்கியதால்தான் நான் புத்தகத்தைத் தூக்கினேன். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட நாளில் அவர் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இன்றும் என்னிடம் இருக்கிறது. உயர்ந்தவனின் பெயர் பத்திரிகையில் வரும். தாங்கியவனின் பெயர் வராது. ஆகவே படிக்கின்ற பிள்ளைகளே, உங்களுக்காக நின்றவர்கள் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, ஒருவரைப் படிக்க வைக்க மற்றொருவரை நிறுத்த வேண்டிய நிலை, கூடுமானவரையில் உங்கள் வீட்டில் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை உண்டா என்று தலைமையாசிரியரைக் கேட்பதில் வெட்கமில்லை.

எல்லாப் பிள்ளைகளும் விண்வெளி நிறுவனத் தலைவர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் அது பொய். கேட்ட கதவு மூடியிருந்தால், திறந்த கதவு வழியாக உள்ளே சென்று அங்குள்ள வேலையை முழுமையாகச் செய்ய எல்லாப் பிள்ளைகளாலும் முடியும் என்றே சொல்கிறேன்.

என்னிடம் வினவிய அம்மையே! உங்கள் மகனிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். கிடைத்த பிரிவிலும் கணிதம் உண்டு. அதனைக் கைவிட வேண்டாம். ஐந்தாம் படிவம் முடித்தபின் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்பயிற்சிக்கும் வழி உண்டு. அவற்றைப் பற்றி இப்போதே ஆசிரியரிடம் கேட்டு வைக்கட்டும். காய்கறித் தோட்ட வேலை எங்கும் ஓடிப்போகாது. இரண்டாண்டு கழித்தும் அது அங்கேயேதான் இருக்கும். பள்ளிப் பருவமோ திரும்பி வாராது. பையனுக்கு இன்னும் மனம் ஆறவில்லையென்றால் நாளைக் காலை என்னிடம் அழைத்து வாருங்கள். நான் நண்பகல் வரை ரிங்லெட்டில்தான் இருப்பேன்.